மரக்கும் களிம்பும் வளராத கல்ச்சரும்

தோல், அறுவை, குழந்தை நலப் பிரிவுகளில் கல்ச்சருக்கு மாதிரி எடுக்கும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், அந்த மாதிரிகளை வளர்த்துப் பார்க்கும் ஆய்வக நுட்பநர்களுக்கும் ஒரு திறந்த மடல்:

ஊசி குத்தும் இடத்தை முன்கூட்டியே மரக்க வைக்கத் தோலில் பூசும் மருந்துகளில் பல நாடுகளிலும் பரவலாகப் புழங்குவது, லிக்னோகெய்னும் பிரிலோகெய்னும் சேர்ந்த வெள்ளைக் களிம்பு. ‘எம்லா’ என்ற பெயரில் அது முதலில் அறிமுகமானது. இந்திய மருந்துக் கடைகளில் ‘பிரிலாக்ஸ்’ போன்ற பெயர்களிலும் கிடைக்கிறது. ஒரு கிராம் களிம்பில் லிக்னோகெய்ன் 25 மில்லிகிராம், பிரிலோகெய்ன் 25 மில்லிகிராம். வலியை அடக்குவதோடு இந்தக் களிம்பு பாக்டீரியாக்களையும் கொல்லும். தோலைச் சுத்தம் செய்யும் கிருமிநாசினியாக நம்புவதற்கு அந்தத் திறன் போதாது. பூசிய இடத்திலிருந்து எடுத்த மாதிரியில் கிருமி வளராமல் போவதற்கு அது போதும். களிம்பை எப்போது பூசலாம், எப்போது தள்ளிப்போட வேண்டும் என்பது இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெளியும்.

தனித்தனியே எடுத்தால் இரண்டு மருந்துகளும் வெண்ணிறப் படிகங்கள். லிக்னோகெய்ன் உருக 68 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும்; பிரிலோகெய்ன் உருக ஏறத்தாழ 38 டிகிரி. இரண்டையும் சம அளவில் கலந்தால் உருகுநிலை 18 டிகிரி அளவுக்கு இறங்கி, அறை வெப்பத்திலேயே கலவை எண்ணெயாகிவிடும். வேதியியலில் இதற்கு யூடெக்டிக் கலவை என்று பெயர். எந்தக் கரைப்பானிலும் கரைக்காமல் மருந்தே எண்ணெய்த் துளியாக இருப்பதால், ஒவ்வொரு துளியிலும் மருந்தின் செறிவு மிக அதிகம். அந்தத் துளிகளைத் தண்ணீரில் பரப்பி, பிரிந்துவிடாமல் இருக்கப் பால்மமாக்கியைச் சேர்த்து, கெட்டிப்படுத்தும் பொருளும் கலந்ததுதான் டியூபில் இருக்கும் களிம்பு. கடைசியாகச் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து அதன் பி.எச். அளவை 9-ஐ ஒட்டிய காரநிலைக்கு உயர்த்துகிறார்கள்.

காரநிலை தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. மரப்பு மருந்துகளின் மூலக்கூறுகள் இரண்டு வடிவங்களில் இருக்கும். மின்னூட்டம் ஏறிய வடிவம் தண்ணீரில் எளிதில் கரையும்; ஆனால் கொழுப்புப் படலத்தைக் கடப்பது அதற்குக் கடினம். மின்னூட்டம் இல்லாத வடிவம் கொழுப்பில் கரைந்து உள்ளே புகும். இரத்தத்தின் பி.எச். 7.4. அந்த நிலையில் இம்மருந்துகளில் சுமார் நான்கில் ஒரு பங்குதான் மின்னூட்டம் இல்லாமல் இருக்கும். பி.எச். 9.4 ஆனால் அந்தப் பங்கு 95 சதவீதத்தைத் தாண்டும். தோலின் மேலடுக்கு, இறந்த செல்களைக் கொழுப்பு கொண்டு பூசிக் கட்டிய சுவர் போன்றது. அதைக் கடக்க மருந்து கொழுப்பில் கரையும் வடிவத்தில்தான் இருந்தாக வேண்டும். பாக்டீரியாவின் உறையிலும் கொழுப்பாலான படலம் உண்டு. தோலைக் கடக்கச் செய்த ஏற்பாடு, கிருமியின் படலத்துக்குள் புகவும் மருந்துக்கு வழி செய்துகொடுக்கிறது.

களிம்பைத் தேய்த்துவிடுவது வழக்கமில்லை. பெரியவர்களுக்குப் பெரிய சிகிச்சை என்றால் 10 சதுர சென்டிமீட்டர் பரப்புக்கு 2 கிராம் வீதம் கனமாக வைத்து, அதன் மேல் காற்றுப் புகாத ஒளிபுகும் ஒட்டுப் படலத்தை ஒட்டுகிறார்கள். சிறு சிகிச்சைக்கு ஒரு மணி நேரமும் பெரிய சிகிச்சைக்குக் குறைந்தது இரண்டு மணி நேரமும் ஆனதும் படலத்தை உரித்துக் களிம்பை வழித்தெடுத்தால், அடியில் தோல் பெரும்பாலும் வெளுத்திருக்கும். நேரம் கூடினால் சிவப்பதும் உண்டு. இரத்த நாளங்கள் முதலில் சுருங்கிப் பிறகு விரிவதால் வரும் நிறமாற்றம் இது. ஒரு மணி நேரத்தில் மரப்பு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் ஆழம் வரை இறங்கும். இரண்டு மணி நேரத்தில் 5 மில்லிமீட்டர் வரை போகும். தோல் பயாப்சிக்குப் பயன்படும் பஞ்ச் கருவியின் வாய் பெரும்பாலும் 3 அல்லது 4 மில்லிமீட்டர் விட்டம். அதனால் மருந்து ஊறிய அதே திசுதான் கருவிக்குள் வருகிறது.

களிம்பு பாக்டீரியாவை எதிர்ப்பதற்கு ஒரு சான்று அதன் மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறது. தண்ணீர் கலந்த எந்தக் களிம்பிலும் கிருமி வளர இடமுண்டு என்பதால், தயாரிப்பாளர்கள் பாரபன் போன்ற பதப்படுத்தும் பொருள் ஒன்றைச் சேர்ப்பது வழக்கம். எம்லாவில் அப்படி எதுவும் இல்லை. ஆனாலும் அமெரிக்க மருந்துத் தரநூல் விதிக்கும் நுண்ணுயிர் எதிர்ப்புச் சோதனையில் அது தேறிவிடுகிறது. அதற்குக் காரணம் களிம்பின் பி.எச். அளவே என்று அமெரிக்காவில் விற்கும் களிம்பின் குறிப்பு சொல்கிறது. லிக்னோகெய்னும் பிரிலோகெய்னும் பாக்டீரியா, வைரஸ் ஆகியவற்றின் வளர்ச்சியைத் தடுப்பதாகக் கண்டறியப்பட்டிருக்கிறது என்ற வரியும் அதே குறிப்பில் உண்டு. பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துத் தாளில் இருப்பதால் இந்த வரி வார்டுகளில் யார் கண்ணிலும் படுவது அரிது.

மரப்பு மருந்துகளின் வரலாற்றில் இந்தப் பண்பு பின்னணியிலேயே இருந்துவந்திருக்கிறது. 1884-இல் வியன்னாவில் கார்ல் கோலர் கொக்கெய்ன் கரைசலைக் கண்ணில் விட்டு அறுவை செய்யலாம் என்று காட்டியதிலிருந்து இடமரப்பின் காலம் தொடங்கியது. லிக்னோகெய்னை ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரென் 1943-இல் தயாரித்தார். அஸ்ட்ரா நிறுவனம் 1948-இல் அதை ‘ஜைலோகெய்ன்’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மருத்துவமனைக் கரைசல்களின் செறிவிலேயே லிக்னோகெய்னும் புரோகெய்னும் பல வகை பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுக்கின்றன என்று 1970-இல் ஷ்மிட், ரோசன்க்ரான்ஸ் ஆகிய இருவரும் ஓர் ஆய்வில் காட்டினார்கள். அப்போதே எழுந்த கவலை இன்றும் தீரவில்லை: மரக்க வைத்த இடத்திலிருந்து எடுக்கும் மாதிரியின் கல்ச்சரை எந்த அளவுக்கு நம்பலாம்?

இந்த மருந்துகள் நரம்பில் செய்யும் வேலை வேறு, பாக்டீரியாவில் செய்யும் வேலை வேறு. நரம்புச் செல்லின் படலத்தில் சோடியம் அயனிகள் நுழையும் நுண்வாயில்கள் உண்டு. மருந்து உட்புறமாகச் சென்று அவற்றை அடைத்துவிடும். வலிச் செய்தி மூளைக்குப் போகாது. மருந்து விலகியதும் நரம்பு பழைய நிலைக்குத் திரும்பும். பாக்டீரியாவிலோ அது அடைப்பானாக இல்லாமல் சோப்பைப் போல நடந்துகொள்கிறது. ஒரு முனையில் கொழுப்பை நாடும் வளையம், மறுமுனையில் தண்ணீரை நாடும் அமீன் தொகுதி, இரண்டையும் இணைக்கும் சங்கிலி என்பது இம்மூலக்கூறுகளின் பொது அமைப்பு. இவை படலத்தின் கொழுப்பு வரிசைகளுக்கு இடையே செருகிக்கொள்ளும்போது படலம் தளர்ந்து கசியத் தொடங்குகிறது. பொட்டாசியம் உள்ளிட்ட பொருள்கள் வெளியே வழிகின்றன. படலத்தில் பொருந்தியிருந்து ஆற்றல் தயாரிக்கும் நொதிகளும் செயலிழக்கின்றன. மருந்து குறைவாக இருந்தால் கிருமி வளர்ச்சியை நிறுத்தி ஒடுங்கிக் கிடக்கும், மருந்து நீங்கியதும் தலைதூக்கும். மிகுதியாக இருந்தால் படலம் சிதைந்து செத்துவிடும்.

மிகுதி என்பது எவ்வளவு என்பதுதான் இங்கே முக்கியம். பெனிசிலின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள், தமக்கு அடங்கும் கிருமியை ஒரு மில்லிலிட்டரில் ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவான அளவிலேயே தடுத்துவிடும். லிக்னோகெய்ன் அதைச் செய்யப் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டரில் சில மில்லிகிராம்கள் வேண்டும். ஒரு மில்லிகிராம் என்பது ஆயிரம் மைக்ரோகிராம் என்பதால் இடைவெளி ஆயிரக்கணக்கான மடங்கு. அதனால் மரப்பு மருந்தை ஆன்டிபயாட்டிக் என்று யாரும் சொல்வதில்லை. இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் கிருமியை ஒழிக்கும் அளவை எட்டுவதற்கு வெகு முன்பே அது மூளையையும் இதயத்தையும் பாதித்துவிடும். ஆனால் களிம்பு பூசிய தோலின் மேற்பரப்பில் இரண்டு மருந்துகளும் சேர்ந்து கிராமுக்கு 50 மில்லிகிராம் இருக்கின்றன. கிருமியைக் கொல்லத் தேவையான செறிவைவிட இது அதிகம். உள்ளே இறங்க இறங்கச் செறிவு வேகமாகக் குறைகிறது. எனவே மேல்தோலிலும் மயிர்க்கால்களின் வாயிலும் களிம்பு கிருமிகளைக் கொல்லும். ஆழத்தில் அதன் பிடி தளர்ந்துவிடும்.

ஆய்வுக்கூடத்தில் இதைச் சோதிக்க முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. முதல் வழியில் அகார் தட்டில் பாக்டீரியாவைப் பரப்பி, நடுவில் குழி செய்து மருந்தை வைத்து, மறுநாள் சுற்றிலும் கிருமி வளராத வட்டம் எவ்வளவு அகலம் என்று அளக்கிறார்கள். களிம்பின் எண்ணெய்த் துளிகள் நீர் நிறைந்த அகாரில் எளிதில் பரவாததால், வட்டம் சிறியதாக இருந்தாலே மருந்து வலிமையற்றது என்று முடிவுகட்ட முடியாது. இரண்டாவது வழியில் மருந்தோடு பாக்டீரியாவைக் கலந்து வைத்து, குறித்த நேரங்களில் சிறிது எடுத்து, எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று எண்ணுகிறார்கள். களிம்பின் உண்மையான வேகம் இதில்தான் தெரியும். கிருமி வகை, செறிவு, தொடர்பிலிருந்த நேரம், வெப்பநிலை ஆகிய நான்கைப் பொறுத்து விடை மாறும். மரப்பு மருந்துகள் குளிர்ந்த அறையைவிட உடல் வெப்பத்தில் கூடுதலாகக் கொல்கின்றன. எல்லா மரப்பு மருந்துகளுக்கும் ஒரே வலிமை இல்லை. ரோபிவகெய்னின் பாக்டீரியா எதிர்ப்பு மற்றவற்றைவிடக் குறைவு.

ஆறாத புண்களிலிருந்து திசு எடுத்துக் கல்ச்சர் செய்வதை மனத்தில் வைத்து டென்மார்க்கில் நடந்து 2006-இல் வெளியான ஓர் ஆய்வு, எம்லா களிம்பையும் ஊசியில் செலுத்தும் லிக்னோகெய்னையும் ஒப்பிட்டது. களிம்பு விரைவாகவும் வலுவாகவும் பாக்டீரியாவைக் கொன்றது; பதப்படுத்தும் பொருள் கலக்காத லிக்னோகெய்ன் கரைசல் மெதுவாகவே வேலை செய்தது. கல்ச்சருக்குத் திசு எடுப்பதானால் களிம்பைத் தவிர்த்து, பதப்படுத்தும் பொருள் இல்லாத லிக்னோகெய்னை ஊசியில் போட்டு இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்பதே அந்த ஆய்வாளர்கள் சொன்ன வழி. இரண்டுக்கும் இடையே இவ்வளவு வேறுபாடு வரச் செறிவும் காரநிலையும் தொடர்பு நேரமும் காரணமாகின்றன. ஊசி மருந்து 1 அல்லது 2 சதவீதக் கரைசல். அதன் பி.எச். அமிலப் பக்கம் இருக்கும். திசுவில் பரவி இரத்தத்தோடு கலந்து நீர்த்துப்போகும். சில நிமிடங்களில் மரத்துவிடுவதால் காத்திருக்கவும் தேவையில்லை. களிம்போ செறிவு கூடியது, காரத்தன்மை உள்ளது, மூடிய படலத்தின் கீழ் ஒரு மணி நேரம் இருப்பது.

களிம்பு கிருமியைக் கொல்கிறது என்றால் ஊசி குத்துவதற்கு முன் தோலைத் துடைக்கும் வேலை மிச்சம் என்று நினைப்பது தவறு. தோலில் நிலையாகக் குடியிருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ், கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் போன்றவை மயிர்க்கால்களின் ஆழத்திலும் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் தங்கியிருக்கின்றன. வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொள்ளும் கிருமிகள் வேறு. 70 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் கலந்த 2 சதவீத குளோர்ஹெக்சிடினும் 10 சதவீத பொவிடோன் அயோடினும் இவற்றின் எண்ணிக்கையை எவ்வளவு குறைக்கின்றன, எத்தனை நிமிடத்தில் குறைக்கின்றன என்று அளக்கப்பட்டு, அந்த வேலைக்கென்றே ஏற்றுக்கொள்ளப்பட்டவை. மரப்புக் களிம்பு அப்படிச் சோதித்துத் தேர்ந்தெடுத்த மருந்து இல்லை. மேலும் களிம்பின் பிசுபிசுப்பு தோலில் மிஞ்சியிருந்தால், கிருமிநாசினி சரியாகப் படியாது. படலத்தை உரித்து, களிம்பை முழுவதும் வழித்துத் துடைத்து, கிருமிநாசினியைத் தடவி, அது தானாகக் காயும் வரை பொறுத்து, அதன் பிறகு ஊசியோ கான்யுலாவோ ஏற்றுவதே முறை.

கிருமித்தொற்றுக்கு மருந்தாகவும் இந்தக் களிம்பைப் பூசக் கூடாது. லிக்னோகெய்ன் பாக்டீரியாவைத் தளர்த்துவதைப் போலவே, கிருமியை விழுங்க வரும் வெள்ளணுக்களின் நகர்வையும் விழுங்கும் திறனையும் குறைப்பதாக ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. புண்ணில் மேலோட்டமான கிருமிகள் குறைந்தாலும் உடலின் காவல் தளர்ந்தால் லாபம் இல்லை. சேதமடைந்த தோல் வழியாகவும் சளிச்சவ்வு வழியாகவும் மருந்து மிக வேகமாக இரத்தத்தில் ஏறும் என்பது அடுத்த ஆபத்து. பிரிலோகெய்ன் உடலில் சிதையும்போது உண்டாகும் ஆர்த்தோ டொலுயிடின் என்ற பொருள், ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாத மெத்ஹீமோகுளோபினாக மாற்றிவிடும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். கைக்குழந்தைகளுக்கு இந்த ஆபத்து அதிகம் என்பதால் அளவுக்கு வரம்பு உண்டு. 3 மாதத்துக்கு உட்பட்ட அல்லது 5 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு 1 கிராம் களிம்பு, 10 சதுர சென்டிமீட்டர் பரப்பு, 1 மணி நேரம் ஆகியவை உச்ச வரம்பு. 3 முதல் 12 மாதம் வரை, எடை 5 கிலோவைத் தாண்டியிருந்தால், 2 கிராம், 20 சதுர சென்டிமீட்டர், 4 மணி நேரம்.

ஒரு கல்ச்சர் எப்படிப் பொய்த்துப்போகிறது என்பதைப் படிப்படியாகப் பார்த்தால் தவறு எங்கே நுழைகிறது என்பது விளங்கும். முன்கையில் சில வாரங்களாக ஆறாத தடிப்பு இருக்கும் ஒரு சிறுமி பயாப்சிக்கு வருவதாக வைத்துக்கொள்ளலாம். ஊசியைக் கண்டாலே அழுவாள் என்பதால் வெளி நோயாளிப் பிரிவிலேயே களிம்பை வைத்து மூடி அனுப்பிவிடுகிறார்கள். சிகிச்சை அறையில் முறை வர ஒன்றரை மணி நேரம் ஆகிறது. களிம்பை வழித்து, குளோர்ஹெக்சிடின் தடவி, 4 மில்லிமீட்டர் பஞ்ச் கொண்டு திசு எடுக்கிறார்கள். அதை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைத் திசுப் பரிசோதனைக்காக ஃபார்மலினிலும் மறு பாதியைக் கல்ச்சருக்காகக் கிருமியற்ற உப்புநீரிலும் போடுகிறார்கள். அரிசி அளவு கூட இல்லாத அந்தத் திசுவில் உயிருள்ள கிருமிகள் சொற்பமாகவே இருக்கும். அவற்றில் ஒரு பகுதி களிம்பின் கீழ் செத்திருக்கும். ஒரு பகுதி நலிந்து கிடக்கும். திசுவில் ஊறிய மருந்து உப்புநீரிலும் கசிந்து, ஆய்வகம் போய்ச் சேரும் வரை மிச்சமிருப்பவற்றோடு தொடர்பிலேயே இருக்கும். பிளட் அகாரில் 48 மணி நேரம் வைத்தும் ஒன்றும் முளைக்காமல் “வளர்ச்சி இல்லை” என்று அறிக்கை வரும். கிருமித்தொற்று இல்லை என்று அதற்குப் பொருள் கொண்டுவிடுவார்கள்.

இந்தத் தடத்தில் யாரும் கவனக்குறைவாக நடக்கவில்லை. களிம்பு வைத்தவர் குழந்தையின் வலியை நினைத்தார். திசு எடுத்தவர் கிருமியற்ற முறையைப் பின்பற்றினார். ஆய்வகம் தட்டைச் சரியாகத்தான் படித்தது. களிம்பு வைத்த செய்தி மட்டும் ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போகவில்லை. விண்ணப்பப் படிவத்தில் ஆன்டிபயாட்டிக் பெயருக்கு இடம் இருக்கும். மரப்பு மருந்துக்கு இடம் இருப்பது அபூர்வம்.

எந்தச் சோதனைக்கு இது கேடு, எதற்கு இல்லை என்பதைப் பிரித்தறிவது எளிது. கிருமி உயிரோடு இருந்தால்தான் விடை கிடைக்கும் சோதனைகள் கெடும். செத்த கிருமியும் விடை தரும் சோதனைகள் பெரும்பாலும் தப்பும். தொழுநோய்க்குத் தோலைக் கீறி எடுக்கும் ஸ்மியரில் நிறமேற்றிய பேசில்லஸ்களை நுண்ணோக்கியில் எண்ணுகிறார்கள். செத்தவையும் நிறம் ஏற்கும். தொழுநோய்க் கிருமியைச் செயற்கை ஊடகத்தில் வளர்க்க முடியாது என்பதால் அங்கே கல்ச்சர் என்ற பேச்சே இல்லை. பி.சி.ஆர். சோதனையும் செத்த கிருமியின் மரபணுவைக் கண்டுவிடும். கிராம் ஸ்மியரில் பாக்டீரியா தெரிந்து கல்ச்சரில் வளரவில்லை என்றால், நோயாளி முன்பே ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டாரா என்று கேட்பது வழக்கம். மரப்புக் களிம்பு பூசினார்களா என்ற கேள்வியையும் அதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தோல் காசநோயில் பாதிப்பு இன்னும் கூடும். அந்தத் தடிப்புகளில் பெரும்பாலும் கிருமி எண்ணிக்கை மிகக் குறைவு என்பதால் சிறிதளவு இழப்பும் கல்ச்சரைப் பொய்யாக்கிவிடும். லோவென்ஸ்டைன் ஜென்சன் ஊடகத்தில் எட்டு வாரம் வரை காத்திருந்த பிறகே வளர்ச்சி இல்லை என்று சொல்ல முடியும். அதன் பின் மறுபடி பயாப்சி என்றால் நோயாளிக்கு மேலும் இரண்டு மாதம் போய்விடும். பூஞ்சைக் கல்ச்சரும் வாரக்கணக்கில் பிடிக்கும். கேண்டிடா போன்ற பூஞ்சைகளையும் மரப்பு மருந்துகள் ஆய்வுக்கூடத்தில் தடுக்கின்றன. ஆழமான சீழ்க்கட்டியில் நிலைமை வேறு. மேல்தோலில் பூசிய களிம்பு உள்ளே தேங்கிய சீழ் முழுவதையும் எட்டாது. கட்டியைத் திறந்ததும் மேலே வழிவதை விட்டு, உள்ளிருந்து சிரிஞ்சில் உறிஞ்சி எடுத்தால் விடை பெரும்பாலும் நம்பத் தகுந்ததாக இருக்கும்.

கால் புண்களில் களிம்புக்கும் கல்ச்சருக்கும் நேரடிப் போட்டி உண்டு. நாள்பட்ட கால் புண்ணில் அழுகிய திசுவைச் சுரண்டி அகற்றும்போது வலி தாங்காது என்பதற்காக, ஐரோப்பிய நாடுகளில் இந்தக் களிம்பைப் புண்ணின் மேலேயே பூச அனுமதி இருக்கிறது. 10 சதுர சென்டிமீட்டருக்கு 1 முதல் 2 கிராம் வீதம், மொத்தம் 10 கிராமுக்கு மிகாமல், குறைந்தது 30 நிமிடம். சுரண்டி முடித்ததும் அடியில் தெரியும் சுத்தமான திசுவிலிருந்து கல்ச்சர் எடுப்பது நல்ல முறை என்றே பாடம் சொல்கிறது. ஆனால் அதற்குள் அந்தத் திசு அரை மணி நேரமாகக் களிம்பில் ஊறியிருக்கிறது. களிம்பைப் பூசுவதற்கு முன்பே உப்புநீரால் புண்ணைக் கழுவி, உயிருள்ள திசு தெரியும் ஓரிடத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஸ்வாபை அழுத்தி, திசுநீர் கசியும்படிச் சுழற்றி எடுத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் எழாது. லெவின் முறை எனப்படும் இதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது. பிறகு களிம்பைப் பூசிக் காத்திருக்கலாம்.

களிம்புக்குப் பதில் ஊசி என்று முடிவு செய்தாலும் குப்பியின் லேபிளைப் படித்தாக வேண்டும். பலமுறை குத்தி எடுக்கும் பெரிய லிக்னோகெய்ன் குப்பிகளில் மெத்தில் பாரபன் கலந்திருக்கும். குப்பிக்குள் கிருமி வளராமல் இருக்கச் சேர்த்த பொருள், திசுவிலும் கிருமி வளர்வதைத் தடுக்கும். கல்ச்சருக்கான பயாப்சிக்கு ஒரே முறை பயன்படுத்தும், பதப்படுத்தும் பொருள் இல்லாத ஆம்பியூலே ஏற்றது. மருந்தைத் தடிப்புக்குள்ளேயே செலுத்தாமல் சுற்றிலும் வளையமாகப் போட்டால், எடுக்கும் திசுவில் மருந்து இன்னும் குறையும். வேறு மரப்புப் பூச்சுகளைப் பயன்படுத்தினாலும் இதே கவனம் தேவை. 4 சதவீத டெட்ராகெய்ன் ஜெல்லில் பாரபன் வகைப் பொருள்களும் சேர்ந்திருக்கும். குளோர்ஹெக்சிடின் கலந்த லிக்னோகெய்ன் ஜெல்லும் புழக்கத்தில் உண்டு. அதில் பாக்டீரியாவைக் கொல்வது பெரும்பாலும் குளோர்ஹெக்சிடின்தான்.

திசுப் பரிசோதனை அறிக்கையிலும் களிம்பு தன் தடத்தை விட்டுச்செல்லும். மேல்தோலின் செல்கள் ஊதுவதும், அடியடுக்குச் செல்களில் வெற்றிடக் குமிழ்கள் தோன்றுவதும், அடுக்குகள் பிரிவதும் களிம்பு வைத்த தோலில் பதிவாகியிருக்கின்றன. பூசிய இடத்தில் ஊதா நிறப் புள்ளிகள் தோன்றுவதும் உண்டு. இவற்றை நோயின் அடையாளமாக எடுத்துக்கொள்ளாதிருக்க, நோயியல் மருத்துவருக்கும் களிம்பு பற்றித் தெரிந்திருக்க வேண்டும்.

உயிருள்ள நுண்ணுயிரைத் தோலுக்குள் செலுத்தும் தடுப்பூசிக்கும் இந்தத் தர்க்கம் பொருந்தும். பி.சி.ஜி. தடுப்பூசியில் இருப்பது வீரியம் குறைத்த உயிருள்ள பேசில்லஸ். இந்தியாவில் பிறந்த குழந்தைக்கு இடது மேற்கையில், தோலின் அடுக்குக்குள் 0.05 மில்லிலிட்டர் போடுகிறார்கள். களிம்பின் மரப்பு இறங்கும் ஆழமும் அதுவே. தோலுக்குள் போடும் உயிர்த் தடுப்பூசிகளின் மேல் களிம்பின் விளைவு தீர்மானிக்கப்படவில்லை என்று களிம்பின் மருந்துக் குறிப்பு எச்சரிக்கிறது. பி.சி.ஜி. போடுமிடத்தில் களிம்பைத் தவிர்ப்பதே பாதுகாப்பு. குழந்தையின் வலிக்குத் தாயின் மடியும் தாய்ப்பாலும் இருக்கின்றன.

இவை அனைத்தும் பணி வரிசையில் சில சிறு மாற்றங்களைத்தான் கேட்கின்றன. களிம்பை எழுதித் தரும் முன் கல்ச்சர் தேவைப்படுமா என்று முடிவு செய்ய வேண்டும். தேவைப்பட்டால் ஸ்வாபையும் சீழையும் களிம்புக்கு முன்பே எடுக்க வேண்டும். திசுவே வேண்டும் என்றால், பதப்படுத்தும் பொருள் இல்லாத லிக்னோகெய்ன் ஊசியைப் போட்டுத் தாமதமின்றி எடுக்க வேண்டும். ஊசிக்கே அஞ்சும் குழந்தைக்குக் களிம்பைத் தவிர்க்க முடியாவிட்டால், களிம்பின் பெயர், பூசிய நேரம், வழித்தெடுத்த நேரம் ஆகிய மூன்றையும் படிவத்தில் எழுத வேண்டும். கல்ச்சரோடு ஸ்மியரும் இயன்றால் பி.சி.ஆரும் கேட்டுக்கொள்ளலாம்.

ஆய்வகத்தின் பக்கமும் வேலை இருக்கிறது. களிம்பு பூசிய குறிப்போடு வரும் திசுவை உடனே தட்டுக்கு மாற்றுவதும், அதிகக் குழம்பு ஊடகத்தில் இட்டு மருந்தை நீர்க்கச் செய்வதும், வழக்கமான 48 மணி நேரத்தைத் தாண்டியும் தட்டை வைத்திருந்து பார்ப்பதும், நலிந்த கிருமிகள் எழுவதற்கு வாய்ப்புத் தரும். ஒன்றும் வளராதபோது, “வளர்ச்சி இல்லை, மாதிரி எடுக்கும் முன் மரப்புக் களிம்பு பயன்படுத்தப்பட்டுள்ளது” என்று அறிக்கையில் ஒரு வரி சேர்க்க வேண்டும். விண்ணப்பப் படிவத்தில் ஆன்டிபயாட்டிக் கட்டத்துக்கு அடுத்து மரப்பு மருந்துக்கும் ஒரு கட்டம் அச்சிட்டுவிட்டால், இதை யாரும் தனியாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.